பினீசியர் என்ற கடல் வணிகர்கள்



அரசர்களின் வரலாற்றைப் பள்ளியில் படித்தோம். வணிகர்களின் வரலாற்றை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வியாபாரத்தால் உயர்ந்த பினீசியர் என்ற மக்களைப் பற்றி, நான் படித்து அறிந்ததை எழுதுகிறேன்.

இன்றைய லெபனான் கடற்கரைதான் அவர்களது தாயகம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மத்தியதரைக் கடல், நடுவில் ஒடுங்கிய நிலம். பிப்லஸ், சீதோன், தீரு என ஒவ்வொரு துறைமுக நகருக்கும் தனித்தனி அரசன். பெரிய நாடும் இல்லை, பெரும் படையும் இல்லை. கப்பலையும் சரக்கையும் நம்பிக் கடலில் இறங்கினார்கள்.

மலையில் வளர்ந்த கேதுரு மரம் (நம் இமயமலைத் தேவதாருவின் இனம்), கண்ணாடிப் பொருட்கள், கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் ஆகியவை அவர்களது பேர்பெற்ற சரக்குகள். 1909-ல் ஃபிரீட்லெண்டர் என்ற வேதியியல் அறிஞர் 12,000 நத்தைகளைக் கொண்டு அந்தச் சாயத்தை எடுத்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம்தான். அரசர்களும் செல்வந்தர்களுமே வாங்கும் விலை அதற்கு இருந்ததில் வியப்பில்லை.

அவர்கள் கணக்கு வைத்திருந்ததைப் பற்றிப் பழைய எகிப்திய ஏடு ஒன்றில் சுவையான கதை இருக்கிறது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் நடப்பதாக அமைந்த கதை. வெனமூன் என்ற கோயில் அதிகாரி, தெய்வத்தின் படகுக்கு மரம் வாங்க பிப்லஸ் வருகிறார். கொண்டுவந்த பணம் வழியிலேயே திருட்டுப் போய்விட்டது. உம் முன்னோர் கொடுத்தது போல நீரும் கொடும் என்று மன்னனிடம் கேட்கிறார். மன்னனோ தன் முன்னோர் காலத்துக் கணக்கேடுகளைக் கொண்டுவரச் சொல்லிப் படிக்க வைக்கிறான். எகிப்து முன்பு செலுத்திய 1,000 தெபென் வெள்ளி, அதாவது சுமார் 91 கிலோ, அதில் வரவாகியிருந்தது! இனாமாக மரம் போனதில்லை என்பது அத்துடன் முடிவாயிற்று.

முதலில் ஏழு மரங்களை மட்டும் அனுப்பினான் மன்னன். எகிப்திலிருந்து பொன், வெள்ளி, துணியுடன் 500 மாட்டுத் தோல், 500 கயிறு, 20 மூட்டை மைசூர் பருப்பு, 30 கூடை மீன் எல்லாம் வந்து இறங்கின. அதன் பிறகே 300 ஆட்களையும் 300 எருதுகளையும் விட்டு மீதி மரத்தை வெட்டச் சொன்னான்.

இதைப் படித்தபோது என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுகளாக என்னிடம் கொள்முதல் செய்தவர் ஒருவர். பழக்கத்தை நம்பி, ஒரு தவணைச் சரக்கைச் சிட்டையில் ஏற்றாமல் அனுப்பினேன். பணம் கொடுத்துவிட்டேன் என்றார் அவர், வரவில்லை என்றேன் நான். காட்ட இருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பணத்தைவிட அந்த நட்பு போனதுதான் இன்றும் உறுத்துகிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

எழுத்து மட்டும் போதாது, நாணயமும் வேண்டும். ஹோமரின் காவியத்தில் பினீசிய வணிகர்கள் ஏமாற்றுக்காரர்களாகவும் வருகிறார்கள். ஆனால், தீரு மக்கள் குடியேறி அமைத்த கார்த்தேஜ் நகரத்தாரைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது வேறு. ஜிப்ரால்டருக்கு அப்பால், ஆப்பிரிக்கக் கரையில் சரக்கைப் பரப்பி வைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவார்களாம். ஊர் மக்கள் வந்து பொன்னை வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். விலை கட்டினால் வணிகர் பொன்னை எடுத்துக்கொள்வார்கள். கட்டாவிட்டால் மீண்டும் கப்பலில் போய்க் காத்திருப்பார்கள். விலை படியும்வரை அவர்கள் பொன்னைத் தொடுவதில்லை, இவர்கள் சரக்கைத் தொடுவதில்லை. ஒரு பேச்சும் இல்லாமலே வியாபாரம் நடந்தது.

கி.மு. 332-ல் ஏழு மாத முற்றுகைக்குப் பின் அலெக்சாண்டர் தீருவைப் பிடித்தார். கி.மு. 146-ல் ரோமர் கார்த்தேஜை அழித்தனர். ஆனால் பினீசியரின் 22 எழுத்துகள் அழியவில்லை. அவற்றைக் கிரேக்கர் கற்று, உயிரெழுத்துகளையும் சேர்த்துக்கொண்டனர். நம் பில்களில் உள்ள ஆங்கில எழுத்துகளும் அந்த வழியில் வந்தவையே.

ஆகவே நண்பர்களே, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், சரக்கு கடைப்படி இறங்கும் முன் சீட்டு எழுதுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. அது அவநம்பிக்கை அல்ல, நட்புக்குப் போடும் வேலி.