காமிராவின் அடியில் ஒரு நாட்டின் பெயர்

கொல்லிமலையில் விளையும் மிளகு சந்தைக்கு வந்த பின்னர், தான் எந்த மலையில் விளைந்தது என்று சொல்வதில்லை. மூட்டையின்மேல் எழுதியிருப்பதைத்தான் நாம் நம்புகிறோம். ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்ட காமிராக்களின் கதையும் இதுவே.

பழைய காமிராவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகட்டிலோ பின்புறத்திலோ ஒரு நாட்டின் பெயர் பெரும்பாலும் காணப்படும். இதற்குக் காரணம் சட்டம். உள்நாட்டுச் சரக்கோ என மயங்கவைக்கும் முத்திரை கொண்ட அயல்நாட்டுப் பொருள்கள் தம் பிறப்பிடத்தைக் காட்டவேண்டும் என்று பிரிட்டன் 1887-இல் விதித்தது. 1890-இல் அமெரிக்கச் சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது.

இக்குறிப்பு காலத்தையும் காட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தபோது, 1947 முதல் அதன் ஏற்றுமதிப் பொருள்களில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்னும் பொருள்படப் பொறித்தனர். 1948-இல் வெளிவந்த முதல் நிக்கான் காமிராவிலும் இதைக் காணலாம். 1952-இல் ஆக்கிரமிப்பு முடிவுற்றது. ஆகவே, இப்பொறிப்புள்ள காமிராவின் வயதை எளிதில் கணிக்கலாம்.

வணிகப் பெயர் வேறு, பிறப்பிடம் வேறு. ஆக்ஃபா என்பது ஜெர்மானியப் பெயர். ஆயினும் நம் நாட்டில் பலரும் பயன்படுத்திய ஆக்ஃபா கிளிக்-3, பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்ததாகும்.

பொறிப்பு பொய்யாகவும் இருக்கலாம். சோவியத் நாட்டின் ஃபெட், ஜோர்க்கி காமிராக்களில் 'லைக்கா' என்று பொறித்து ஏமாற்றி விற்பதுண்டு. பொறித்த எழுத்து வெறும் கூற்று, அதுவே சான்றாகிவிடாது.

கூற்றின் ஒரு பகுதியை நீங்களே சோதிக்கலாம். லென்சு வளையத்தில் 1:2/50 என்றிருந்தால் குவிய தூரம் 50 மி.மீ.; முழுவதும் திறந்த துளையின் விட்டம் ஏறத்தாழ 50 ÷ 2 = 25 மி.மீ. பிலிம் இல்லாத காமிராவின் பின்மூடியைத் திறந்து, பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் டிரேசிங் தாளை ஒட்டுங்கள். ஷட்டரை 'பி' நிலையில் திறந்து வைத்து, 1 கி.மீ. தொலைவில் மலைச்சரிவிலுள்ள 40 மீட்டர் உயரப் பாறை ஒன்றை நோக்குங்கள். தலைகீழான பிம்பம் தோன்றும். (சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது.)

பிம்பத்தின் உயரம் = குவிய தூரம் × பாறையின் உயரம் ÷ தொலைவு
= 50 × 40 ÷ 1000 = 2 மி.மீ.

அளந்தது இதனோடு ஒத்தால், வளையத்திலுள்ள எண் மெய். நாட்டின் பெயரையோ அளவுகோலால் அளக்க இயலாது. வரிசை எண்ணையும் உள்ளமைப்பையும் தயாரிப்பாளரின் பதிவுகளோடு ஒப்பிட்டே அதை முடிவு செய்யவேண்டும்.

பழைய காமிரா ஒன்று கிடைத்தால், நோட்டுப் புத்தகத்தில் இரு பத்திகள் வரையுங்கள். ஒன்றில் 'பொறிப்பு சொல்வது', மற்றதில் 'நான் அளந்து அறிந்தது' என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்காதிருப்பதே அறிவியலின் முதற்பாடம்.