சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும்?

செம்பனைக் கன்றை நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதற்குப் பெரிய எதிரி காட்டுப்பன்றி. வேரடியைக் கிண்டிக் கன்றைச் சாய்த்து, நடுக்குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். மரம் வளர்ந்தபின் குருத்து தப்பிவிடுகிறது. ஆனால் குலையிலிருந்து உதிர்ந்து கிடக்கும் பழங்கள் பன்றிக்கு ஆண்டு முழுவதும் பந்தி. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 1990-களின் பிற்பகுதியில் எடுத்த கணக்கில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 பன்றிகள் வரை இருந்தன. பக்கத்துத் தோட்டங்களின் செம்பனைப் பழமும், பன்றியைத் தின்னும் புலி போன்ற விலங்குகள் அருகிப் போனதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

எனவே, கேரி தீவைப் போன்ற தோட்டப் பகுதிகளில் பன்றியைச் சுடுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. அங்கே துப்பாக்கி உரிமம் உள்ளவர்களிடம் எழும் கேள்வி, எந்தத் தோட்டா நல்லது என்பதுதான்.

வெளிநாடுகளில் இதே கேள்வியை ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். 1906-இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டா, 1952-இல் வந்த .308 வின்செஸ்டரா? இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே, ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர். முன்னதன் பித்தளைக் கூடு 63 மில்லிமீட்டர் நீளம், பின்னது 51. கூடு நீளமாக இருந்தால் மருந்து கொஞ்சம் அதிகமாகக் கொள்ளும், அவ்வளவுதான். 9.7 கிராம் குண்டை .308 விநாடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் அனுப்பும்; .30-06 சுமார் 887 மீட்டரில். பள்ளியில் படித்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். முறையே 3,590 ஜூல், 3,820 ஜூல். வேறுபாடு நூற்றுக்கு ஆறு. அடிபடும் பன்றிக்கு அது தெரியப்போவதில்லை.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர் கையில் பெரும்பாலும் இருப்பது ரைஃபிள் அல்ல, மலாயில் செனாப்பாங் பாத்தா எனப்படும் மடிப்புத் துப்பாக்கி. 12 போர் என்பது அதன் வழக்கமான அளவு. அந்த 12 மில்லிமீட்டர் அன்று. குழாய்க்குள் சரியாக நுழையும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்குமோ அந்த எண்ணிக்கை. அதனால்தான் 16 போரைவிட 12 போர் பெரியது. குழாயின் உட்புறம் மழமழப்பாக இருக்கும். ரைஃபிளில் உள்ள சுருள் வரிகள் இதில் இல்லை.

இதற்குப் பன்றிக்கான தோட்டா இரண்டு வகை. எஸ்ஜி தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய ரவைகள். 28 கிராமுக்கு எட்டு நிற்கும். ஸ்லக் தோட்டாவில் அதே 28 கிராம் ஈயம் ஒரே குண்டாக இருக்கும். வரி இல்லாத குழாயிலிருந்து போகும் குண்டு பம்பரம்போல் சுழன்று நேராகப் போகாதே, பிறகெப்படிக் குறி தவறாமல் போகிறது? பூப்பந்து இறகைப் பாருங்கள். கனம் முழுவதும் முன்பக்கம், பின்பக்கம் வெற்றிடம்; எப்படி அடித்தாலும் தலை முன்னே திரும்பிவிடும். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் 1931-இல் செய்த ஸ்லக் இந்த முறையில்தான் பறக்கிறது.

எட்டு ரவை பெரிதா, ஒரு குண்டு பெரிதா? இங்கே ஒரு சிறு கணக்கு போதும். எஸ்ஜி ரவைகள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 2.8 சென்டிமீட்டர் விரிந்துகொண்டே போகும் என்பது பழைய கைக்கணக்கு. 15 மீட்டரில் விரிவு 42 சென்டிமீட்டர், 30 மீட்டரில் 84. பன்றியின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் பகுதி 20 சென்டிமீட்டர் வட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவுகளை வகுத்துப் பார்த்தால், 15 மீட்டரில் எட்டு ரவைகளில் இரண்டு அங்கே படும். 30 மீட்டரில் அரை ரவை! நடுவில் சற்று நெருக்கமாகவே விழும் என்பதால் உண்மை நிலை இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனாலும் 30 மீட்டரில் எஸ்ஜி சுடுவது பன்றியைக் காயப்படுத்தி ஓடவிடுவதற்கு வழி. ரவை ஒன்றின் ஆற்றல் குழாய் முனையிலேயே 280 ஜூல்தான். ஸ்லக் சுமார் 3,160 ஜூலையும் ஒரே இடத்தில் இறக்கும். (தோளில் உதைப்பதும் அதுதான். உதை ஆற்றலைப் பொறுத்ததன்று, நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தைப் பொறுத்தது. ஆற்றல் குறைந்த ஸ்லக்கின் உந்தம் .308 குண்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.)

அப்படியானால் ஸ்லக்தானே என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் படாமல் போன ஈயம் எங்கே போகிறது என்பது எனக்கு முக்கியமான கேள்வி. ஈய உருண்டை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 மீட்டர். எஸ்ஜி ரவைக்கு 670 மீட்டர் வருகிறது. உருண்டை பெரிதானால் நிறை விட்டத்தின் கனத்திற்கு ஏற்பக் கூடுகிறது, காற்று தடுக்கும் பரப்போ வர்க்கத்திற்கு ஏற்பத்தான் கூடுகிறது. எனவே பெரியது தூரம் போகும். ஸ்லக் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். கூர்முனை ரைஃபிள் குண்டு நான்கு கிலோமீட்டர் வரைகூடப் போகும்.

கேரி தீவு கடலோரச் சதுப்பை வரப்புக் கட்டி வடித்து உருவாக்கிய தட்டை நிலம். குண்டைத் தாங்க மேடு கிடையாது. மரங்கள் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நிரை பிடித்து நிற்பதால், நிரையின் வழியே சுட்டால் தடுக்க ஒரு மரமும் இல்லை. அந்தப் பக்கம் விடியலில் குலை வெட்டுகிறவர் இருப்பார், உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா இருப்பார், நீப்பா ஓலை எடுக்க வந்த மாமெரி மக்கள் இருப்பார்கள்.

தரையில் நின்று 1.4 மீட்டர் உயரத்திலிருந்து, 30 மீட்டரில் நிற்கும் பன்றியின் நெஞ்சுக்குச் சுட்டால் குண்டின் சாய்வு இரண்டு பாகைகூட இராது. தவறினால் 17 மீட்டர் பின்னால் தரையையோ வடிகாலையோ தொடும். குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு துள்ளிப் போவதுபோல், ஈய உருண்டையும் ஏறத்தாழ ஐந்து பாகைக்குக் குறைந்த சாய்வில் நீரைத் தொட்டால் துள்ளிவிடும். பிறகு அது போகும் திசை சுட்டவர் கையில் இல்லை. அதே ஸ்லக்கை நான்கு மீட்டர் உயரப் பரணிலிருந்து, 15 மீட்டரில் உதிரிப் பழம் மேயும் பன்றிக்குச் சுட்டால் அது 13 பாகைக்குமேல் சாய்ந்து இறங்கும். தவறினாலும் ஈர மண்ணில் புதைந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு.

ஆக, என் தேர்வு இப்படி: பரண் இருந்தால் ஸ்லக். தரையில் என்றால் எஸ்ஜி, அதுவும் 15 மீட்டருக்குள், பின்புலம் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும். அதற்கு அப்பால் நிற்கும் பன்றியை விட்டுவிடலாம், நாளையும் வரும். ரைஃபிள் இந்த நிலத்துக்கே ஆகாது. துப்பாக்கி உரிமத்தோடு, பெர்ஹிலித்தான் துறையின் வேட்டை உரிமமும் தேவை.

இறைச்சிக்குச் சுடுபவர்களுக்கு இன்னொன்று. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஸ்லக் பெரும்பாலும் ஒரே கட்டியாக இருப்பதால் எடுத்துவிடலாம். எஸ்ஜி என்றால் ரவைகளைத் தேடி எண்ணி எடுக்க வேண்டும். எதுவானாலும் காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எறியுங்கள். அதை நாய்க்கும் போடாதீர்கள்.