வார்டைத் தாண்டிப் போக வழி உண்டா?

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியம்மா எழுதுவது. பி.எஸ்சி. நர்சிங்கா, வேறு படிப்பா என்று வீட்டில் பேச்சு நடப்பதாக உன் அம்மா சொன்னாள். நர்சிங் படித்தால் கடைசிவரை டாக்டர் சொன்னதைச் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதானா, நர்ஸ் பிராக்டிஷனர் என்கிறார்களே, அது நம்மால் முடியுமா என்று நீ கேட்டாயாம். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இந்தக் கடிதம்.

அந்தப் பதவி பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1960-களில் அமெரிக்கக் கிராமங்களில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. ஆனால் பொதுச் சுகாதார நர்ஸுகள் இருந்தார்கள். எந்தக் குழந்தை சரியாக வளர்கிறது, எதற்குத் தடுப்பூசி பாக்கி, எந்தக் காய்ச்சலை வீட்டிலேயே பார்க்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, இப்படிப்பட்ட நர்ஸுகளுக்கு நோயைக் கண்டறியும் பயிற்சியை 1965-இல் தொடங்கினார்கள். டாக்டர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. நர்சிங் பேராசிரியர்களிலேயே பலர், இது நர்சிங்கே இல்லை என்று முகம் சுளித்தார்கள். ஃபோர்டு அசரவில்லை. 2025 ஜனவரியில், 104 வயதில் அவர் காலமானபோது, அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் சுமார் 4 லட்சம் பேர் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பயிற்சிக்கு வந்தவர்கள் நர்ஸ் வேலையில் பழுத்தவர்கள். அதிலிருந்து தப்பி வந்தவர்கள் அல்ல.

ஸ்டாஃப் நர்ஸுக்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் என்ன வித்தியாசம் என்று புரிய, ஒரு ஐ.சி.யூ.வின் நைட் டியூட்டியை எடுத்துக்கொள். கிருமித் தொற்று ரத்தத்தில் பரவிய நோயாளி, எடை 60 கிலோ. மணிக்கு ஒருமுறை சிறுநீர் அளவைக் குறிப்பது ஸ்டாஃப் நர்ஸின் வேலை. கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கில் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். ஒரு மணிக்கு 20 மில்லிதான் வந்திருக்கிறது, இரண்டு மணிக்கு 15. நல்ல நர்ஸ் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவார். அதே இடத்தில் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் இருந்தால் அடுத்த கட்டத்துக்கும் அவரே போவார். உடம்பில் நீர்ச்சத்து குறைந்ததா, இதயம் தளர்கிறதா, சிறுநீரகமே அடிவாங்கிவிட்டதா என்று பரிசோதிப்பார். ரத்த வாயுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார். மருத்துவமனையின் எழுதப்பட்ட நெறிமுறைக்குள் நின்று டிரிப்பையோ ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தையோ மாற்றுவார். மருத்துவரிடம் பேசும்போது தன் கணிப்பையும் சேர்த்துச் சொல்வார்.

இரண்டு பேருக்கும் பொதுவானது அந்த 15 மில்லியைப் பார்த்ததும் மனசு துணுக்குறுவது. அது வார்டில் மட்டுமே வரும். மேற்படிப்பு அதன் மேல்தான் நிற்கிறது.

இங்கே அதற்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. கிரிட்டிக்கல் கேரில் இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2016-இல் கொண்டுவந்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குறைந்தது ஓராண்டு நோயாளிகளைப் பார்த்த அனுபவம் வேண்டும். ஐ.சி.யூ. அனுபவமானால் இன்னும் நல்லது. படிப்பில் பெரும்பகுதி வகுப்பறையில் இல்லை, படுக்கை அருகில்தான். பிரசவம் பார்ப்பதில் ஆர்வம் இருந்தால் 18 மாத மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி இருக்கிறது. அதற்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது. தெலங்கானா இதில் முந்திக்கொண்டது. காரணம், சிசேரியனைக் குறைக்க வேண்டியிருந்தது: 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அங்கே 100 பிரசவங்களில் சுமார் 61 சிசேரியன். தமிழ்நாட்டிலும் 45.

ஆனால் பட்டம் வேறு, அதிகாரம் வேறு. இந்தியாவில் இந்தப் படிப்பை முடித்தவர் அமெரிக்காவில் இருப்பதுபோலத் தனியாகக் கிளினிக் வைத்து மருந்து எழுத முடியாது. மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்குள்தான் வேலை. சில இடங்களில் அந்த நெறிமுறை விரிவாக இருக்கும். சில இடங்களில் படித்து வந்தவரை மறுபடியும் பழைய ஸ்டாஃப் நர்ஸ் ரோஸ்டரிலேயே போட்டுவிடுவார்கள். 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டம் 2023-இல் வந்திருக்கிறது. அது நடைமுறையில் என்ன தருகிறது என்பதை நீ படித்து முடிக்கும் நான்கு வருஷமும் கவனித்துக்கொண்டே இரு.

வெளிநாட்டிலும் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கொலராடோவிலும் வாஷிங்டனிலும் நர்ஸ் பிராக்டிஷனர் தாமே நோயறிந்து மருந்து எழுதலாம். டெக்சாஸில் மருத்துவரோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுத முடியாது. பிரிட்டனில் 2006 முதல், தனிப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம். சம்பளத்தைக் கேட்பாய் என்று தெரியும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2023 மே கணக்குப்படி பதிவுபெற்ற நர்ஸின் ஆண்டு நடுமட்ட ஊதியம் 86,070 டாலர், நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260 டாலர். நாற்பதாயிரம் டாலர் வித்தியாசம்! அங்கே போக என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற நர்ஸ் உரிமத் தேர்வு எழுத வேண்டும். தேர்வைவிடக் கஷ்டம் கிரீன் கார்டு வரிசை. இந்தியர்களுக்கு அது பத்தாண்டுக்கு மேல் நீண்டு கிடக்கிறது. நம் ஊர் நர்ஸுகள் பலர் வளைகுடா, பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி என்று போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி கட்டாயம்.

இந்தப் பதவியைப் பற்றி டாக்டர்கள் சொல்லும் குறையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டாக்டர் தனியாக நிற்பதற்குள் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் நோயாளிகளோடு பயிற்சி பெறுகிறார். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் அது சில நூறு மணி நேரம்தான் என்கிறார்கள். ஆனால் நியூயார்க்கில் 1,316 நோயாளிகளை இரு தரப்பிடமும் பிரித்து அனுப்பிப் பார்த்த ஆய்வு 2000-இல் வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு இரு பக்கத்து நோயாளிகளின் உடல்நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அது சாதாரண வெளிநோயாளிச் சிகிச்சை. சிக்கலான நோய்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. வார்டில் வேலையே பார்க்காமல் நேரே மேற்படிப்புக்குப் போகிறவர்களைப் பார்த்தால் டாக்டர்களின் குறை நியாயமாகத்தான் படுகிறது. மூன்று வருஷம் ஐ.சி.யூ.வில் கிடந்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பொருந்தாது.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதே. அதற்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே உள்நோயாளிகள் நிஜமாகவே படுத்திருக்கிறார்களா என்று பார். இரண்டாம் வருஷ மாணவிகள் இருவரைத் தனியாகப் பிடித்து, இந்த மாதம் எந்த வார்டில் போஸ்டிங் என்று கேள். பதில் சொல்லத் திணறினால் புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங். இடம் கிடைக்காவிட்டால் டிப்ளமோ நர்சிங் படித்துவிட்டு, இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தும் இதே பாதைக்கு வரலாம். ஒரு சுற்று, அவ்வளவுதான்.

முதல் வேலையில் சேரும்போது சம்பளத்தோடு, ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேட்டுக்கொள். பாண்டு என்று சொல்லி அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் உண்டு. நகலைக் கொடு, அசலைக் கொடுக்காதே. நைட் டியூட்டி பார்க்கிற பெண்ணுக்கு வரன் அமையாது என்று உன் அப்பா சொல்கிறாராமே. அவரைப் பெரியம்மா பார்த்துக்கொள்வாள்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன் அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அங்கெல்லாம் வேலை பார்க்கிற சிஸ்டர்கள் யாராவது பெரியம்மாவுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
பெரியம்மா