மூளைக்குக் கரண்ட் கொடுத்தால் ஞாபகம் திரும்புமா?

தலையில் ஒரு பட்டையைக் கட்டினால் பாட்டியின் மறதிநோய் சரியாகிவிடும் என்று ஒரு காணொளி உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். நான் மின்னியல் பொறியியல் படிப்பதால் எங்க வீட்டில் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள்: "தம்பி, இதை வாங்கலாமா?" சும்மா பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. இதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது.

கனடாவின் டொரோண்டோ நகரில் மூளை அறுவை மருத்துவர் ஆண்ட்ரெஸ் லொசானோவின் குழு, உடல் பருமனுள்ள ஒருவரின் மூளைக்குள் மின்முனை வைத்து, பசியோடு தொடர்புள்ள பகுதியைத் தூண்டிப் பார்த்தது. பசி குறையுதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் அவர், பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு பூங்காவில் இருந்த காட்சி கண்முன் தெரிவதாகச் சொன்னார். வோல்டேஜைக் கூட்டக் கூட்டக் காட்சி இன்னும் தெளிவானது. 2008இல் இது வெளியானது.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக் கட்டு ஓடுகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து சேதி வெளியே போகும் பெரிய கேபிள் அது. அப்படியென்றால் அல்சைமர் நோயாளிகளுக்கும் அதைத் தூண்டிப் பார்க்கலாமே? முதலில் 6 பேர். பிறகு 42 பேர். இந்த இரண்டாவது சோதனையின் அமைப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 42 பேருக்கும் அறுவை செய்து கருவியைப் பொருத்தினார்கள். ஆனால் பாதிப் பேருக்குத்தான் சுவிட்சைப் போட்டார்கள். யாருக்கு ஓடுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, நினைவைச் சோதிப்பவருக்கும் தெரியாது. 'நமக்குச் சிகிச்சை நடக்குது' என்ற நம்பிக்கையே ஒருவரைக் கொஞ்ச நாள் தெம்பாக்கிவிடும். அதைக் கழிக்காமல் கரண்ட் என்ன செய்தது என்று சொல்ல முடியாது.

12 மாதம் கழித்து, இரு குழுவின் நினைவாற்றலிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருப்பதுபோலவும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மோசமானதுபோலவும் தெரிந்தது. முடிவு 2016இல் வந்தது. இந்த இரண்டாவது பாதியை எந்தக் காணொளியும் சொல்வதில்லை!

கடையில் விற்கும் பட்டை வேறு வகை. ஈர ஸ்பாஞ்சு வழியாகத் தலைத்தோலில் 1 அல்லது 2 மில்லியாம்பியர் பாய்ச்சுவது. நம்ம போன் சார்ஜர் கொடுப்பதில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் கரண்ட் தடை குறைந்த பாதையைத்தானே அதிகம் தேடும்? இறந்தவர் உடல்களில் அளந்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, சுமார் 75 விழுக்காடு தோலிலும் மண்டையோட்டிலுமே போய்விடுகிறது.

இருந்தாலும் பலனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரைன்ஹார்ட் 2019இல் 60 முதல் 76 வயதுள்ளவர்களுக்கு, அவரவர் மூளை அலைக்கு ஏற்ற மாறுமின்னோட்டத்தை 25 நிமிடம் கொடுத்தார். அவர்களின் குறுகிய நேர நினைவு இருபது வயதுக்காரர்கள் அளவுக்கு வந்தது. நிறுத்திய பிறகும் 50 நிமிடம் நீடித்தது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் யாரும் மறதிநோயாளிகள் இல்லை.

ஆகவே யாராவது விற்க வந்தால் நான் இரண்டே கேள்வி கேட்பேன். மறதிநோய் உள்ளவர்களிடமே சோதித்தீர்களா? கரண்ட் இல்லாத போலிப் பட்டையோடு ஒப்பிட்டீர்களா? 9 வோல்ட் பேட்டரியை வைத்து நாமே செய்துவிடலாம் என்று நினைக்கும் என் பொறியியல் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: சுற்று செய்வது சுலபம்தான், ஆனால் ஸ்பாஞ்சு காய்ந்தால் தோல் வெந்துவிடும். வேண்டாம்ப்பா.

பாட்டி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தால் முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு மருந்து இருக்கு. முதல் இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.