38 வயதில் பல்லுக்கு க்ளிப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. முன்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு கோணலாக இருக்கின்றன. இந்த வயதில் பல் நகருமா? கம்பி க்ளிப் நல்லதா, கண்ணுக்குத் தெரியாத அலைனரா?
- வாசகி, திருச்சி

பதில்: நகரும். பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்வதால்தான் பல் நகர்கிறது. அது எந்த வயதிலும் நடக்கும். தாடை வளர்ச்சிதான் நின்றிருக்கும்.

ஆனால் க்ளிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஈறைக் கவனியுங்கள். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? ஈறு நோயோடு பல்லை நகர்த்தினால், தாங்கும் எலும்பு மேலும் கரைந்து பல் ஆட்டம் காணும். முதலில் ஈறு நோயைக் குணப்படுத்தியே ஆக வேண்டும்.

லேசான நெருக்கத்துக்கு அலைனர் நன்றாக வேலை செய்யும். ஆனால் தினமும் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். சாப்பிடவும் காபி குடிக்கவும் கழற்றி, பல் துலக்கிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். அடிக்கடி கொறிப்பவர்களுக்கும் மறதிக்காரர்களுக்கும் பல்லோடு ஒட்டிய க்ளிப்தான் சரி. பல் மிகவும் திரும்பியிருந்தாலோ, பல் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டியிருந்தாலோ நான் க்ளிப்பைத்தான் சொல்வேன். பளிச்சென்று தெரியக் கூடாதென்றால் பல் நிறத்திலேயே செராமிக் க்ளிப் உண்டு.

வீட்டிலேயே அளவெடுத்து அனுப்பினால் தபாலில் அலைனர் வரும் என்ற விளம்பரங்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். எக்ஸ்ரே இல்லாமல் வேரின் நிலை தெரியாது. பல் சீரமைப்புத் துறையான ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். முடித்தவரிடம் போங்கள். செலவு விசாரிக்கும்போது ரிடெய்னரையும் சேர்த்துக் கேளுங்கள். சிகிச்சை முடிந்தபின் அதைப் போடாமல் விட்டால் பற்கள் மறுபடி கோணத் தொடங்கிவிடும்.