மழலையும் மொழியும்

குழந்தை, பிறர் கூறுவதைக் கிளிப்பிள்ளைபோல் திருப்பிக் கூறியே பேசப் பழகுகின்றது என்பர் பலர். இது பாதி உண்மையே என்பதை ஈண்டுச் சுருங்கக் காட்டுவாம்.

ஏறத்தாழ 6 மாதமளவில் குழந்தை 'பபப', 'மமம' என ஒலிக்கத் தொடங்கும். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்துதலாற் பிறப்பன எனத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். வாயை மூடித் திறத்தல் எளிதாதலின் அவை முந்துகின்றன. எமது ஏறாவூரிலே ஒரு தெருவில் 'அம்மா, அப்பா' என்றும், அடுத்த தெருவில் 'உம்மா, வாப்பா' என்றும் குழந்தைகள் அழைப்பர். ஈரிடத்தும் அவ்விரு எழுத்துக்களே நின்றொலிக்கும். நாவை வளைத்தொலிக்கும் ழகரமோ நெடுநாட் கழித்தே வரும்.

ஓராண்டளவில் முதற்சொல்லும், இரண்டு வயது நிறையும் அளவில் இருசொற்றொடரும் தோன்றும். பின்னர் வியப்பானதொன்று நிகழும். 'தம்பிக்கு', 'மாமாவுக்கு' எனக் கேட்டுப் பழகிய குழந்தை, 'எனக்கு' என்னாது 'நானுக்கு' என்னும். வீட்டில் எவரும் அவ்வாறு கூறார். ஆகவே அது கேட்ட சொல்லன்று. தானே கண்ட விதியால் குழந்தை ஆக்கிய சொல். பிழையெனத் தோன்றுவது இலக்கண அறிவின் முளையாகும்.

அம்முளைக்கு நீர் எது? 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் பற்றீசியா கூல் என்பாரும் உடனாய்வாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 9 மாதக் குழந்தைகளோடு சீனமொழியாளர் நேரிலிருந்து 12 அமர்வுகளிற் பேசி விளையாடினர். அக்குழந்தைகள் அம்மொழிக்குரிய ஓர் ஒலிவேறுபாட்டை உணர்ந்தன. அத்தகைய பேச்சைத் திரையில் மட்டும் கண்டு கேட்டவை உணரவில்லை. முகம் நோக்கிப் பேசுவாரிடமிருந்தே மொழி வருகின்றது.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நாம் இதனை எண்ணிலேம். முதலாம் வகுப்புச் சிறுவனொருவன் 'நான் வாறன்' என்றபோது, 'வருகிறேன் என்று சொல்' எனப் பலர்முன் கடிந்தோம். வகுப்பு நகைத்தது. அத்தவணை முழுதும் அவன் எம்மிடம் வாய் திறந்திலன். திருந்திய தமிழ் கற்பிக்கப் புகுந்து, அவன் பேச்சையே நிறுத்திவிட்டோம்.

ஆதலின், பெற்றோராயும் ஆசிரியராயும் விளங்கும் பழைய மாணவர்களை நாம் வேண்டுவது இதுவே. குழந்தை 'நானுக்கு' என்றால் நகையாது, 'எனக்கும் ஒன்று தா' என மறுமொழி கூறுங்கள். அதன் செவியே நாவைத் திருத்தும். கைத்தொலைபேசியைக் கையிற் கொடுத்து அகலாது, அருகிருந்து பேசுங்கள். எழுத்துத்தமிழைப் பாடசாலை கற்பிக்கும். அதற்குமுன் குழந்தை அச்சமின்றிப் பேசல் வேண்டும்.