ஜோடி டேங்க் வாங்கப் போகும் தம்பிக்கு



ஹை ஸ்பிரிங்ஸில் விலைக்கு வந்திருக்கும் ஜோடி டேங்கின் படம் கிடைத்தது. பெயிண்ட் பளபளக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பெயிண்டை விடு. வடக்கு ஃபுளோரிடாவின் நீர்க்குகையில் முக்குளிக்கும்போது தலைக்கு மேல் பாறை. நினைத்த இடத்தில் மேலே வர முடியாது. அங்கே உன்னைக் காப்பாற்ற வேண்டியது இரண்டு டேங்கையும் இணைக்கும் மேனிஃபோல்டு. பேரம் பேசுமுன் அதைச் சோதி.

முதலில் டேங்கைப் பார்த்துவிடுவோம். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, கழுத்துக்குக் கீழே பொறித்திருப்பதைப் படி. 3ஏஏ என்றால் ஸ்டீல், 3ஏஎல் என்றால் அலுமினியம். அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் ஏற்றி அழுத்தச் சோதனை. கடைசியாகச் செய்த மாதமும் ஆண்டும் அங்கேயே இருக்கும். ஸ்டீலில் அந்தத் தேதிக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் கூடுதலாக நிரப்பலாம். 2400 பிஎஸ்ஐ டேங்கில் 2640. குறி இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல். 1988-க்கு முந்தைய அலுமினியம் 6351 கலவையாக இருக்கக்கூடும். கழுத்தில் விரிசல் விடுவதில் பேர்போனது அது. நிரப்பித்தர மறுக்கும் கடைகள் உண்டு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஸ்டீல் என்றால் அடியில் மாட்டியிருக்கும் உறையைக் கழற்றச் சொல், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். முழுக்கக் காலியாகக் கிடந்த டேங்க் என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். வால்வைக் கழற்றி உள்ளே பார்க்காமல் வாங்காதே. அதைக் கடைக்காரர் செய்யட்டும்.

இனி மேனிஃபோல்டு. நடுவில் ஐசோலேட்டர் இல்லாத பழைய வகையா? அலமாரியில் வைக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கம் கழுத்து ஓ-ரிங்கோ, அழுத்தம் மிஞ்சினால் கிழியும் பர்ஸ்ட் டிஸ்கோ போய்விட்டால், நடுவில் மூடி மறுபாதிக் காற்றைக் காப்பாற்றத்தான் ஐசோலேட்டர். அது முழுதாக மூடுகிறதா என்பதைக் கையால் திருகிப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் காற்று இருக்கும்போது ஐசோலேட்டரை மூடு. வலப்பக்கக் காற்றைப் பாதிக்கு இறக்கு. இடப்பக்கத்தில் ரெகுலேட்டரையும் கேஜையும் மாட்டிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார். முள் இறங்கி, ரெகுலேட்டர் பக்கம் கசிவும் இல்லையென்றால் ஐசோலேட்டர் விடுகிறது. பிறகு இணைப்புகளிலும் கழுத்திலும் சோப்புத்தண்ணீர் தடவு.

டேங்குகளைச் சேர்த்துக் கட்டும் பட்டைகளையும் பார். டேங்குகளின் இடைவெளியும் மேனிஃபோல்டின் அகலமும் ஒத்துப்போகாமல் இழுத்துக் கட்டியிருந்தால் எந்த ஓ-ரிங்கும் நிற்காது. வேறு ஜோடியிலிருந்து எடுத்து மாட்டிய மேனிஃபோல்டு என்றால் மரையைக் கேள். எம்25 மெட்ரிக் வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் தொளதொளவென்று ஏறிவிடும். அழுத்தம் ஏற்றும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும்.

ஹைட்ரோ, உள்சோதனை, ஓ-ரிங் மாற்றுவது எல்லாமே உனக்கு இரட்டைச் செலவு. அதைக் கழித்துவிட்டு விலை பேசு. ஐசோலேட்டரை மூடிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால், விலையே பேசாமல் வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்